முப்பது பேர், ஒரு ஜிஎம்: மேசை மக்கர் செய்தால் எங்கே தட்டிப் பார்ப்பது

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வாசகசாலையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் பிள்ளைகளுக்கு ஆர்பிஜி (ரோல் பிளேயிங் கேம்) நடத்துகிறேன். ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி, எல்லோருமாகச் சேர்ந்து ஒரு கதையை நகர்த்திக்கொண்டு போகும் விளையாட்டு. கதையை நடத்துபவர் கேம் மாஸ்டர், சுருக்கமாக ஜிஎம். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நான் அக்கா, மீதிப் பேருக்குச் சேச்சி. ஒரு ஜிஎம்முக்கு நாலைந்து பேர் என்பதுதான் ஊர் உலகத்தில் உள்ள கணக்கு. எனக்கு வருவது இருபது, இருபத்தைந்து. பரீட்சை முடிந்த வாரம் என்றால் முப்பது. பெரும்பாலும் எல்லோருமே முதல்முறை ஆடுகிறவர்கள்.

வழக்கமாக நான் நடத்தும் கதை இது: மாங்காய் ஏற்றிய லாரி ஒன்று ராத்திரி எல்லையில் உள்ள கோபாலபுரம் செக்போஸ்டில் நிற்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, டிரைவரைக் காணோம். கிளீனர் பையன், பனையேறி, நாட்டு வைத்தியர், பால் சொசைட்டி அக்கா, காட்டிலாகா வாட்சர் என்று ஐந்து கேரக்டர்கள். கீழே வரும் உதாரணம் பெரும்பாலும் இந்த லாரியைச் சுற்றித்தான் இருக்கும்.

வரும் கோளாறுகளும் திரும்பத் திரும்ப அதே கோளாறுகள்தான். உங்கள் மேசையில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் சரியாவது முதலில், ஆள் பிடிக்க வேண்டியது கடைசியில்.

எதைத் தொடுவதற்கு முன்னாலும் ஒரே ஒரு சோதனை. ஏதாவது ஒரு பிள்ளையைக் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். அது ஒருமுறை வாய் திறந்ததிலிருந்து மறுமுறை வாய் திறக்கும் வரை எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தில் பாருங்கள். ஐந்துக்குள் என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. பத்தைத் தாண்டினால் மற்றதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதல் அறிகுறிக்குப் போங்கள். பிள்ளைகளுக்குக் கவனம் போதவில்லை, விதி புரியவில்லை, எல்லாம் செல்போன் கெடுத்த கேடு என்று நாம் அலுத்துக்கொள்வதில் முக்கால்வாசி, முறை வராமல் உட்கார்ந்திருக்கிற அலுப்புதான்.

## அறிகுறி 1: ஆரம்பித்து 20 நிமிடத்தில் பின்வரிசை தனிக்கச்சேரி வைக்கிறது

காதில் விழுகிறதா? சிரிக்க வேண்டாம், பாதி நாள் இதுதான். கடைசியில் இருக்கும் பிள்ளையின் இடத்தில் போய் உட்காருங்கள். உங்கள் இடத்தில் யாரையாவது நிறுத்திப் பேசச் சொல்லுங்கள். எங்கள் வாசகசாலையில் மூன்றாவது ஃபேன் போடும் சத்தத்தில் லாரி, செக்போஸ்ட் இரண்டுமே காணாமல் போய்விட்டன. அந்த ஃபேனை அணைத்தேன், சரியாயிற்று. வரிசையாகப் போட்ட பெஞ்சுகளையும் வட்டமாக்கிவிடுங்கள். வரிசையில் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்கு வகுப்பு ஞாபகம் வந்துவிடுகிறது, கடைசி பெஞ்சுக்காரர் கடைசி பெஞ்சு வேலையைச் செய்யத்தான் செய்வார்.

விளக்கம் நீண்டுவிட்டதா? முதல் ஞாயிறு நான் விதிகளை 40 நிமிடம் விளக்கினேன். பலம், வேகம், அறிவு, கவசம், அடிபட்டால் குறையும் உயிர்ப் புள்ளி, ஒன்று விடவில்லை. நான் முடிக்கும்போது நாலு பேர் வாசலில் கோலி ஆடிக்கொண்டிருந்தார்கள். இப்போது சொல்வது மூன்றே வரி. என்ன நடக்கிறது என்று நான் சொல்வேன். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று சொல்வீர்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை. அவ்வளவுதான். மற்ற விதி எதையும் அது தேவைப்படும் நிமிடத்தில் சொன்னால் போதும்.

முறை வர நேரமாகிறதா? இதுதான் ஆணிவேர். எட்டுப் பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலே ஒருவர் பேசிவிட்டு 14 நிமிடம் சும்மா இருக்க வேண்டும். 25 பேர் என்றால் 48 நிமிடம். பொள்ளாச்சிக்கு பஸ் ஏறியிருந்தால் அதற்குள் போய்ச் சேர்ந்திருக்கலாம். "எம்பட முறை எப்பங்க்கா?" என்று ஒருவன் கேட்டால் அவனைத் திட்டாதீர்கள். உங்களுக்கு இலவசமாக எச்சரிக்கை மணி அடிக்கிறான்.

மருந்து: ஐந்தைந்து பேராகப் பிரியுங்கள். ஒரு குழுவுக்கு ஒரு கேரக்டர். ஐந்து பேரும் பனையேறிதான். ஆனால் பனையேறி என்ன செய்வது என்று அவர்கள் தங்களுக்குள் பேசி முடிவெடுக்க வேண்டும். ஒரு குழுவிடம் நான் இரண்டு நிமிடம் பேசுகிறேன், மற்ற நாலு குழுக்களும் அந்த நேரத்தில் சண்டை போட்டுக்கொள்கின்றன. இப்போதும் ஒரு குழுவுக்கு முறை வர எட்டு நிமிடம் ஆகிறது, ஆனால் அந்த எட்டு நிமிடமும் அவர்களுக்கு வேலை இருக்கிறது. முடிவைச் சொல்ல ஒரு வாய், பகடை உருட்ட ஒரு கை, இரண்டும் ஒவ்வொரு சுற்றிலும் ஆள் மாற வேண்டும். மாறாவிட்டால் மூன்றாவது அறிகுறி வந்து சேரும்.

குழுவுக்கு ஒருவர் பேசுவது என்பது நான் கண்டுபிடித்ததல்ல. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆர்பிஜி 1974இல் வெளிவந்தபோதே அதன் விதிப் புத்தகம் ஒரு தொடரில் நான்கு முதல் ஐம்பது பேர் வரை ஆடலாம், ஒரு நடுவருக்கு, அதாவது ஜிஎம்முக்கு, இருபது பேர் அளவில் இருக்கலாம் என்று சொன்னது. அந்தக் காலத்து மேசைகளில் எல்லோருக்காகவும் ஒருவர் நடுவரிடம் பேசுவது சகஜம். ஐம்பது பேரும் ஒரே நாளில் ஒரே மேசையில் என்று அதற்கு அர்த்தமில்லை. நான் முதலில் அப்படித்தான் படித்துத் தைரியமாக இறங்கினேன்.

இதற்கும் அடங்கவில்லையா? செலவு பிடிக்கிற இடம் இது: இன்னொரு ஜிஎம். குழுவாகப் பிரித்த பிறகும் இரண்டு வாரம் தொடர்ந்து காத்திருப்பு பத்து நிமிடத்தைத் தாண்டினால் தனியாக நடத்தாதீர்கள். ஏற்கெனவே மூன்று நான்கு முறை ஆடிய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று உங்கள் கண்ணில் பட்டிருக்கும். அதைப் பிடியுங்கள். புத்தகத்தைக் கொடுக்காதீர்கள், ஒரே ஒரு தாள் கொடுங்கள்: யார் யார் எங்கே இருக்கிறார்கள், டிரைவர் உண்மையில் எங்கே, சண்டை வந்தால் எப்படி நிறுத்துவது. இரண்டு மேசையிலும் அதே லாரிக் கதை. முடிந்ததும் இரண்டு மேசையும் தத்தம் முடிவைச் சொல்லிக்கொள்ளும்போது வரும் கூச்சல் இருக்கிறதே, அதற்காகவே இரண்டு மேசை போடலாம்.

## அறிகுறி 2: "நீ என்ன செய்யப் போற?" என்றால் பேச்சே இல்லை

கேள்வி பெரிதாக இருக்கிறது. பழகியவர்களுக்குத் திறந்த கேள்வி கொண்டாட்டம். புதியவர்களுக்கு அது, பதில் தெரியாத வாய்மொழித் தேர்வு. தவறான பதில் ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது என்றே நினைக்கிறார்கள். பாவாடை நுனியைத் திருகிக்கொண்டே இரண்டு ஞாயிறு உட்கார்ந்திருந்த ஒரு பெண் பிள்ளை. மூன்றாவது ஞாயிறு கேள்வியை மாற்றினேன்: "போலீஸ் டார்ச் அடிக்கறாங்க. நீ லாரிக்கு அடியில போறயா, ஷெட்டுக்குப் பின்னால போறயா?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஷெட்டுக்குப் பின்னாலக்கா. ஆனா அங்க ஒரு நாய் படுத்திருக்கும்" என்றது. என் தாளில் நாய் இல்லை. "என்ன கலர் நாய்?" என்றேன். "செவலை. காது ஒண்ணு கடிபட்டிருக்கும். என்னயப் பாத்தா குரைக்காது." மேசை முழுக்க அந்தப் பக்கம் திரும்பியது. அந்த நாய் இன்றுவரை எங்கள் கதையில் இருக்கிறது.

ஆக, இரண்டு வழி கொடுத்துக் கேளுங்கள். மூன்றாவது வழியை அவர்களே கொண்டுவந்தால், அது உங்கள் தாளில் இருந்ததைவிட நன்றாகவே இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள்.

கேரக்டர் ஷீட்டை, அதாவது தன் ஆளுக்கு என்னென்ன வரும் என்று எழுதிய தாளை, படிக்க முடியவில்லை. எல்லைப்புறத்துக்கே உரிய கோளாறு. வீட்டில் தமிழ், பள்ளியில் ஒருவருக்குத் தமிழ் மீடியம், ஒருவருக்கு மலையாளம், ஒருவருக்கு இங்கிலீஷ். எந்த எழுத்தில் கேரக்டர் ஷீட் அடித்தாலும் மூன்றில் ஒரு பங்குப் பேர் படிப்பதுபோல நடிப்பார்கள். சோதனை எளிது: "உன் ஆளுக்கு எது ரொம்ப நல்லா வரும்?" என்று கேளுங்கள். கண் தன் தாளுக்குப் போகாமல் பக்கத்துத் தாளுக்குப் போனால் இதுதான் கோளாறு.

நான் எழுத்தையே எடுத்துவிட்டேன். கை, கால், கண், நாக்கு என்று நாலு படம். தூக்குவது, அடிப்பது கை. ஓடுவது, ஏறுவது கால். தேடுவது கண். பேசி மயக்குவது, பொய் சொல்வது நாக்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரே புள்ளி: ஒரு புள்ளி என்றால் பகடையில் ஒன்று கூட்டிக்கொள். ஒரு ஸ்கெட்ச் பேனா, ஒரு சாயங்காலம், அவ்வளவுதான் செலவு. நாக்கில் இரண்டு புள்ளி உள்ள பால் சொசைட்டி அக்காதான் வேண்டும் என்று பிள்ளைகளுக்குள் எப்போதும் அடிதடி.

ஒரே சொல், இரண்டு அர்த்தம். அணை திறக்கும் காட்சி ஒன்றில், "ஆளியாத்துல இருந்து வெள்ளம் வருது!" என்று நான் கத்தினேன். தமிழ்ப் பிள்ளைகள் பயந்து மேட்டுக்கு ஓடினார்கள். மலையாளம் பேசும் பிள்ளைகள் சந்தோஷமாகக் குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடினார்கள். அவர்களுக்கு வெள்ளம் என்றால் தண்ணீர். ஆளியாற்றுத் தண்ணீர் எப்போது வரும் என்று காத்திருக்கிற ஊரில் அது நல்ல செய்திதானே. பாதிக் குழு முழுகிப்போவதா இல்லையா என்பதில் கால் மணி நேரம் பஞ்சாயத்து. முக்கியமான சொல்லை இரண்டு மொழியிலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள், அல்லது கையால் காட்டிவிடுங்கள்.

கூட்டமே பயமாக இருக்கிறது. இருக்கட்டும். பேசாத பிள்ளைக்குப் பேச்சில்லாத வேலை கொடுங்கள்: வரைபடம் போடுவது, லாரியில் எத்தனை பெட்டி இருக்கிறது என்று கணக்கு வைப்பது. மேசையில் இருப்பதே ஆட்டம்தான். ஒரு மாதம் ஆகியும், விளையாட்டில் மட்டுமில்லாமல் எங்கேயுமே பேசுவதில்லை என்று தெரிந்தால், அதை வீட்டாரிடமோ வகுப்பு டீச்சரிடமோ மெதுவாகச் சொல்லலாம். அதற்கு மேல் ஜிஎம்முக்கு வேலையில்லை.

## அறிகுறி 3: ஒருவனே எல்லோருக்கும் சேர்த்துப் பேசுகிறான்

எண்ணிப் பாருங்கள். பத்து முடிவில் அவன் குரல் எத்தனை? ஆறுக்கு மேல் என்றால் கோளாறுதான்.

பெரும்பாலும் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. யூடியூபில் இதைப் பார்த்திருப்பான், உற்சாகம் தாங்காது. அவனுக்குக் கை நிறைய வேலை கொடுங்கள், வாய் தானாகக் குறையும்: யார் முறை என்று அறிவிப்பது, உயிர்ப் புள்ளிக் கணக்கு. அதிலும் அடங்காவிட்டால் புளியங்கொட்டை. ஆளுக்கு மூன்று. ஒரு யோசனை சொன்னால் ஒரு கொட்டையை நடுவில் வைக்க வேண்டும். கையில் தீர்ந்தால், குழுவில் மற்றவர்களுக்கும் தீரும் வரை காத்திருக்க வேண்டும். அதற்கப்புறம் எல்லோருக்கும் திரும்ப மூன்று.

சில சமயம் பேசுவது பிள்ளையே இல்லை, பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் அப்பா. "டேய், டேங்க்ல டீசல் இருக்கான்னு பாக்கச் சொல்லு" என்று காதில் ஓதுவார். அவரை வெளியே போகச் சொல்ல எனக்கு வாய் வராது. "ஏனுங்க, செக்போஸ்ட் பக்கத்துல டீக்கடைக்காரர் ஒருத்தர் வேணும், நீங்க இருக்கறீங்களா?" என்று கேட்டு ஒரு கேரக்டரைக் கொடுத்துவிட்டேன். டிரைவருக்குத் தன் கடையில் கடன் பாக்கி இருக்கிறது என்று அவர் சொந்தமாக ஒரு கதை கட்டி, மொத்தப் பேரையும் திசைதிருப்பிவிட்டார். பரவாயில்லை.

## அறிகுறி 4: பகடை உருட்டினால் தோல்வி, தோல்வி, தோல்வி

குறி உயரமாக இருக்கிறது. இருபது முகப் பகடை, கூட்டிக்கொள்ள 2, எட்ட வேண்டியது 15 என்றால் 13 முதல் 20 வரை விழுந்தால்தான் வெற்றி. 100க்கு 40. புதிய பிள்ளை முதல் மூன்று உருட்டலிலும் தோற்க இது தாராளமாகப் போதும். குறியை 10க்கு இறக்குங்கள், 100க்கு 65 ஆகிவிடும். ஒன்றும் குடிமுழுகாது.

வேண்டாததற்கெல்லாம் உருட்டுகிறீர்கள். பனையேறி ஒருவர் லாரி மேல் ஏற எதற்குப் பகடை? ஏறிவிட்டார் என்று சொல்லுங்கள்.

தோற்றால் கதை நின்றுவிடுகிறது. என்னிடம் நெடுநாள் இருந்த வியாதி. லாரிக் கதவைத் திறக்கப் பார்த்தார்கள், பகடையில் நாலு விழுந்தது, "திறக்கல" என்றேன். இன்னொருவன் உருட்டினான், திறக்கவில்லை. 25 பேரும் ஒரு கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். இப்போது தோற்றாலும் கதவு திறக்கும், ஆனால் ஹாரன் அடித்துவிடும், அல்லது செவலை குரைத்துவிடும்.

இருபது முகத்தையே விட்டுவிட்டு, ஆறு முகப் பகடை இரண்டை உருட்டிக் கூட்டுவதற்கு நான் மாறியதும் இதற்காகத்தான். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை என்றால் வேலை நடக்கும், கூடவே ஒரு வம்பும் வரும், 6 அல்லது அதற்குக் கீழே என்றால் வம்பு மட்டும். ஒரு புள்ளி கூட்டிக்கொண்டால் 36 வகை விழுதல்களில் முழு வெற்றி 10, வம்போடு வெற்றி 16, வெறும் வம்பு 10. நடுவில் உள்ள அந்த 16தான் கதையை இழுத்துக்கொண்டு போகிறது.

## அறிகுறி 5: பகடையே இல்லை, அல்லது பகடை வந்த வழியே போய்விடுகிறது

இருபது முகப் பகடையை இந்தப் பக்கத்துக் கடைகளில் தேடி அலையாதீர்கள். லூடோ பெட்டியில் இருக்கும் ஆறு முகப் பகடை எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் ஆறு பட்டைப் பென்சிலில் பட்டைக்கு ஒரு எண் கீறி உருட்டலாம். ஆமா, இல்லை என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால், ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை ஐந்து. வெள்ளை மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால் ஆமா. பாட்டிமார் எல்லோருக்கும் தேய்க்கத் தெரியும்.

1 முதல் 20 வரை சீட்டு எழுதிச் சொம்பில் போட்டுக் குலுக்கலாம். இரண்டு எச்சரிக்கை. எடுத்த சீட்டைத் திரும்பப் போட வேண்டும், இல்லையென்றால் கணக்கு மாறிவிடும். ஒரு மதியம் முழுக்க யாருக்குமே 20 வரவில்லை. கடைசியில் பார்த்தால் அது ஒரு பையனின் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது, "தேவைப்படறப்போ எடுக்கலாம்னு வெச்சிருந்தேன்க்கா." இரண்டாவது, ஆனி ஆடியில் சீட்டே வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்தால் உங்கள் இருபது சீட்டும் சுங்கம் கட்டாமல் கோயமுத்தூர் பக்கம் போய்விடும்.

உருட்டிய பகடை மேசைக்கு அடியில் போய்க் கால் மணி நேரம் தொலைகிறது என்றால், சாப்பாட்டுத் தட்டுக்குள் உருட்டச் சொல்லுங்கள்.

## அறிகுறி 6: சண்டை ஆரம்பித்தால் முடிவதே இல்லை

எதிரிகளை எண்ணுங்கள். பன்னிரண்டு திருடர்களுக்கும் நீங்கள் தனித்தனியாகப் பகடை உருட்டுகிறீர்களா? நிறுத்துங்கள். நாலு நாலாகக் கட்டி மூன்று உருட்டல். யார் முதலில், யார் அடுத்து என்று ஆளுக்கொரு வரிசை போடுவதையும் விடுங்கள்: பிள்ளைகள் பக்கம் ஒரு முறை, திருடர்கள் பக்கம் ஒரு முறை. எல்லோரும் சேர்ந்து பதுங்கிப் போவது மாதிரி வேலைக்கு, பாதிப் பேராவது ஜெயித்தால் மொத்தக் குழுவும் ஜெயித்தது என்று வைத்துக்கொள்ளலாம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் இது விதியாகவே இருக்கிறது.

அப்படியும் நீண்டால் காரணம் எதிரிகளின் பிடிவாதம். நிஜத்தில் பாதிப் பேர் விழுந்தால் மீதிப் பேர் ஓடிவிடுவார்கள். ஓடட்டும். மூன்று சுற்றுக்கு மேல் எந்தச் சண்டையும் போகக்கூடாது என்று நானே எனக்குப் போட்டுக்கொண்ட விதி. மூன்றாவது சுற்றில் மழை வரும், போலீஸ் ஜீப் வரும், லாரி தானாக உருள ஆரம்பிக்கும்.

## அறிகுறி 7: நல்லவரோ கெட்டவரோ, கண்ணில் பட்டவரையெல்லாம் வெட்டுகிறார்கள்

டீக்கடைக்காரரை முதல் ஐந்து நிமிடத்தில் வெட்டினார்கள். (அப்பா வந்து உட்காருவதற்கு முந்தைய வாரம், நல்லவேளை.) முதல் காரணம், ஷீட்டில் ஆயுதத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அரிவாள் மட்டும் கொடுத்தால் அரிவாளைத்தான் வீசுவார்கள். கயிறு, டார்ச், அரை கிலோ கருப்பட்டி, பொய் ரசீது என்று கொடுத்துப் பாருங்கள். இரண்டாவது, கடைக்காரருக்குப் பெயர் இல்லை. பெயரும் ஒரு கவலையும் கொடுத்துவிட்டால் பத்தில் எட்டுப் பேர் வெட்ட மாட்டார்கள்.

மூன்றாவது கொஞ்சம் சிக்கல்: யார் எதிரி என்பதிலேயே மேசை இரண்டாகப் பிரிவது. எங்கள் சித்தூரில் (ஆந்திரச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்) கும்ப மாதத்தில் கொங்கன்படை என்று ஒரு திருவிழா. கொங்குநாட்டுப் படையை சித்தூர்க்காரர்கள் பகவதி துணையோடு விரட்டியடித்த கதையை ஊரே கூடி நடத்திக் காட்டும். ஊர் முழுக்க ஆடும் ஆர்பிஜி அது, நான் புதிதாக ஒன்றும் கொண்டுவந்துவிடவில்லை. அதை வைத்து ஒரு கதை செய்தேன். பாதி மேசைக்குக் கொங்கன் வில்லன். மீதிப் பாதி வீட்டில் பேசுவதே கொங்குத் தமிழ், நானும் அந்தக் கட்சிதான், தோற்ற பக்கம். பகடைக்கு வேலையில்லாமல் கைகலப்பு வரப் பார்த்தது. அடுத்த வாரம் எல்லோரையும் ஒரே பக்கம் போட்டேன்: இரண்டு படைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வண்டிக்காரர்கள், வண்டியில் உப்பு. யார் ஜெயித்தாலும் நம் உப்பு நனையக்கூடாது. அதற்கப்புறம் யாரும் யாரையும் வெட்டவில்லை, இரண்டு படையிடமும் பொய்தான் சொன்னார்கள்.

## அறிகுறி 8: ஒரு பிள்ளை திடீரென்று அடங்கிவிடுகிறது, அழுகிறது, எழுந்து போகிறது

இங்கே வரிசைப்படி சோதிக்காதீர்கள். முதலில் ஆட்டத்தை நிறுத்துங்கள்.

லாரி டிரைவர் அடிபட்டுக் கிடப்பதாக ஒருமுறை சொன்னேன். ஒரு பெண் பிள்ளை சத்தமில்லாமல் எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டது. அதன் அப்பா ஓட்டுவது லாரி என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். இந்த ரோட்டில் லாரி ஓட்டாத வீடு எத்தனை? அன்றிலிருந்து டிரைவர் எப்போதும் பத்திரமாகத்தான் இருப்பார். எங்கேயோ தூங்கிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

ஆரம்பிக்கும் முன்பே மேசை நடுவில் பெருக்கல் குறி போட்ட ஓர் அட்டையை வையுங்கள். எக்ஸ் அட்டை என்பார்கள், ஜான் ஸ்டாவ்ரொபோலஸ் என்பவர் வகுத்துக் கொடுத்த வழக்கம். யாருக்குக் கதையில் எது பிடிக்காவிட்டாலும் அட்டையைத் தொட்டால் போதும். அந்தக் காட்சியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும், ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. ஜிஎம் முதலில் தானே ஒருமுறை தொட்டுக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பிள்ளையும் தொடாது. நான் பாம்புக் காட்சியில் தொட்டுக் காட்டினேன். நடிப்பில்லை.

அழும் பிள்ளையை மூடிய அறைக்குள் தனியாகக் கூட்டிப் போகாதீர்கள். எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற திண்ணையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள். கூட்டிப்போக வருகிறவரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

இரண்டு பிள்ளைகள் சண்டை என்றால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கதையில் வந்தது தன் வீட்டில் நிஜமாக நடக்கிறது, தன்னை ஒருவர் அடிக்கிறார், தொடுகிறார் என்று பிள்ளை சொன்னால், அந்த நிமிடத்தோடு உங்கள் ஜிஎம் வேலை முடிந்தது. குறுக்கு விசாரணை வேண்டாம். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, எந்த நேரமும் கூப்பிடலாம். பாலியல் குற்றம் என்று தெரியவந்தால் புகார் கொடுப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம்; நம் விருப்பம் அல்ல.

## அறிகுறி 9: அடுத்த வாரம் பாதிப் பேரைக் காணோம்

கதை பாதியில் தொங்குகிறது. போன வாரம் வராதவனுக்கு இந்த வாரம் ஒன்றும் புரியாது, அதற்கடுத்த வாரம் அவன் வரமாட்டான். ஒவ்வொரு ஞாயிறும் கதை முடிந்துவிட வேண்டும். மறுவாரம் வேறு லாரி, வேறு வம்பு. செக்போஸ்டும் செவலையும் மட்டும் அதே. யார் வருகிறார்களோ அவர்களை வைத்து ஆடலாம்.

பஸ். வேலந்தாவளம் பஸ்ஸுக்கு ஓடுகிற பிள்ளைகள் கடைசிப் பத்து நிமிடம் கதை கேட்பதில்லை, வாசலைத்தான் பார்க்கிறார்கள். பஸ்ஸுக்கு இருபது நிமிடம் முன்பு முடித்துவிடுங்கள். மீதி நேரத்தில் பகடையை எண்ணிப் பெட்டியில் போடச் சொல்லலாம்.

சீசன். முதலமடை மாங்காய் ஜனவரியிலேயே இறங்க ஆரம்பித்துவிடும். பெரியவர்கள் தோட்டத்துக்கும் மண்டிக்கும் போனால், மூத்த பிள்ளை தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கும். வராத பிள்ளைக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று நான் ஒரு சீசன் முழுக்க வருத்தப்பட்டிருக்கிறேன். அப்புறம் ஒருநாள் வழியில் பார்த்து, "ஏன் கண்ணு வர்றதில்ல?" என்று கேட்டபோதுதான் இடுப்பில் இருந்த தங்கச்சியைக் காட்டியது. கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். இப்போது நாலு வயசுக்காரர்கள் மூன்று பேர் மேசைக்கு அடியில் இருக்கிறார்கள். விழுகிற பகடையைப் பொறுக்கித் தருவது அவர்கள் வேலை. விழுந்த எண் என்ன என்று கேட்டால் மூன்று பேரும் மூன்று எண் சொல்கிறார்கள், அதனால் திரும்ப உருட்ட வேண்டியிருக்கிறது.